பக்கவாட்டில் தண்ணீர் பீச்சும் படகு

1

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் என் மகள் அமுதாவும் குளத்துக்குப் போகிறோம். ஹாலந்தில் கடலோரமாக உள்ள ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். குளம் நகராட்சிப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே பொம்மைப் படகு விடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. பொம்மை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். மாதிரிப் படகு என்றுதான் சொல்ல வேண்டும். கையில் நீளமான ஏரியல் வைத்த ஒரு பெட்டியுடன் கரையில் நின்று, ரேடியோ அலையால் படகைத் திருப்புவார்கள், வேகம் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்ற ஆண்கள். பெண் நான் ஒருத்திதான்.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் படகு ஓடும்போது அதன் வலது பக்கத்தில் ஒரு சிறு துளையிலிருந்து நூல் போலத் தண்ணீர் வெளியே பீச்சிக்கொண்டே போகும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"இல்லை, மோட்டாரைக் குளிர வைத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர்" என்றேன்.

அவர் குனிந்து குளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "இந்தத் தண்ணீரிலா? இந்தச் சின்ன மோட்டாருக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். இந்த ஊர்க் குளிரில் இவ்வளவு சின்ன மோட்டாருக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை. "இது இங்கே செய்ததில்லை" என்றேன். அமுதா இடையில் புகுந்து, தன் மாமா செய்தது என்று டச்சு மொழியில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை இந்தப் படகைப் பற்றி எழுதுகிறேன். இதில் இரண்டு ஊரும் இருக்கிறது.

2

முதலில் இங்கே உள்ள நிலவரம்.

நான் பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமா படித்தவள். ஊர் வடக்கனந்தல். என் கணவருக்குத் திருநாவலூர். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் பிட்டர். கல்யாணமான கையோடு இங்கே வந்தேன். என் டிப்ளமாவை இங்குள்ள அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பி, அது எந்தப் படிப்புக்குச் சமம் என்று கேட்டோம். எட்டு மாதம் கழித்து, பாடத்திட்டத்தின் முழு விவரம் அனுப்பவும் என்று பதில் வந்தது. அதை வாங்க என் அப்பா பாலிடெக்னிக்குக்கு நடையாய் நடந்தார். அனுப்பினோம். "ஒப்பிட இயலவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனவே நான் துணி துவைக்கும் இயந்திரங்கள் பழுது பார்க்கும் கடையில் உதவியாளர். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் 'பயிற்சி அற்றவர்' என்று வரும்.

நான் சொல்லப்போவது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. அமுதாவுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டச்சு மொழியில் பதில் சொல்வாள். சாப்பாடு, தூக்கம், வயிற்றுவலி, இந்த மூன்றுக்கு மட்டும் தமிழ். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்து மொழி. திட்டிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், தமிழில் கேட்டால்தான் மிட்டாய் என்று சொல்லிப் பார்த்தோம். மிட்டாயே வேண்டாம் என்றுவிட்டாள்.

படகு, கடையில் என்னோடு வேலை செய்பவரின் பழைய படகு. மோட்டார், பேட்டரி, ரேடியோப் பெட்டி எல்லாம் சேர்த்து மலிவாகக் கொடுத்தார். அமுதா அதை விட்டு ஒரு நாளும் பிரியவில்லை. எனவே அந்த வருடம் நானும் அவளும் ஊருக்குக் கிளம்பியபோது, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அதுவும் வந்தது.

இன்னொரு வேலையும் அந்தப் பயணத்தில் இருந்தது. என் தம்பி சேகரை இங்கே அழைத்து வருவது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பு முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு டிராக்டர் பட்டறையில் இருந்தான். என் கணவரின் முதலாளி அவனுக்கு வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் வருடக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். சேகர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். காவல் துறை விசாரணை ஒன்றுதான் பாக்கி. அது நல்லபடியாக முடிந்தால் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும்.

3

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். படகை எடுத்து மேசையில் வைத்தார். ரேடியோப் பெட்டியை எடுத்தார். ஏரியலை இழுத்தார். அது நீண்டுகொண்டே போனது. பக்கத்து மேசை அதிகாரியையும் கூப்பிட்டார்.

"வயர்லெஸ் செட்டா?"

"இல்லைங்க. படகை ஓட்டறதுக்கு."

"பேச முடியுமா இதுல?"

"முடியாதுங்க. இது சொல்லும், படகு கேக்கும். அவ்வளவுதான்."

"யாருக்குச் சொல்லும்?"

"படகுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அமுதா ரேடியோப் பெட்டியை வாங்கித் தரையில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த படகின் பின்பக்க விசிறியைச் சுழல விட்டுக் காட்டினாள். சிரித்துவிட்டார்கள். ஆனாலும் என் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில், ரேடியோவால் இயங்கும் விளையாட்டுப் படகு ஒன்று, திரும்பிப் போகும்போது கட்டாயம் கொண்டு செல்ல வேண்டும் என்று கையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். தங்க வளையலுக்கும் கேமராவுக்கும் அப்படி எழுதுவது வழக்கம். பொம்மைக்கு எழுதியது அதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னார்.

4

நாங்கள் வடக்கனந்தல் போய்ச் சேர்ந்த மறுநாளுக்கு மறுநாள் மறியல் தொடங்கியது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று வட மாவட்டங்கள் முழுக்கச் சாலையை மறித்த வாரம் அது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதாகச் சொன்னார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பேப்பர் இல்லை. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தபோது அம்மா ரேடியோவை அணைத்துவிட்டாள்.

முதல் நாள் சேகர் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தான். தலையெல்லாம் மரத்தூள்.

"எங்கடா போயிருந்த?"

"மரம் வெட்ட."

"பாஸ்போர்ட்டு?"

"அது பாட்டுக்கு வரும்க்கா. மரத்தக் கேட்டுக்கினா வருது?"

"கேஸ் ஒண்ணு விழுந்தா வராது. போலீஸ் விசாரணை இன்னும் முடியல."

"ஊர்ல எல்லாரும் ரோட்ல இருக்கறாங்க. நான் மட்டும் வூட்ல உக்காந்துகினு பூ கட்டணுமா?"

எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அவனுக்கு இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை, பட்டியல் ஒட்டிய சுவருக்கு முன்னால் மத்தியானம் வரை நின்றுவிட்டு வந்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அவனிடம் இது உன் வேலை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் மட்டும் அவன் பெயர் எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவனை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

5

வழி காட்டியது அமுதாவும் படகும்.

வந்ததிலிருந்து அமுதா யாரிடமும் பேசவில்லை. அம்மா கூப்பிட்டால் என் பின்னால் ஒளிந்தாள். ஆட்டுக்குட்டியிடம் மட்டும் டச்சு மொழியில் பேசினாள். மறியலின் இரண்டாம் நாள் அவளைச் சைக்கிளில் வைத்து, கல்வராயன் மலையடியில் இருக்கும் கோமுகி அணைக்குக் கூட்டிப் போனேன். படகு விட அவ்வளவு அகலமான தண்ணீர் அவளுக்குக் கிடைத்ததில்லை. இங்கே குளத்தில் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும், ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தவருக்கு வழி விட வேண்டும். அங்கே யாருமில்லை. முழு வேகத்தில் விட்டாள், விட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று படகு தளர்ந்தது. கரைக்கு எடுத்து மூடியைத் திறந்தேன். வார்னிஷ் கருகும் வாசனை. மோட்டார்மேல் விரலை வைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகச் சேகரிடம் போய் படகை நீட்டினாள். "மாமா, போட் கபொட்."

கபொட் என்றால் டச்சு மொழியில் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். சேகருக்கு அது தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது.

"கபொட்டா? எங்க, காட்டு. இன்னா பண்ணித் தொலச்ச?"

அதுதான் அவர்கள் முதல் பேச்சு. சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் பாதிப் பொருள் கபொட் ஆகிவிட்டது. சைக்கிள் செயின் கபொட், டார்ச் லைட் கபொட், அப்பாவின் முழங்கால் கபொட்.

சேகரிடம் சொன்னேன்: "மோட்டார் இன்னும் போகல. ஆனா சூடு தாங்கல. காத்து சூடு, தண்ணி சூடு, மூடி போட்டா உள்ள காத்தோட்டமும் கம்மி. பாப்பா நிறுத்தாம ஓட்டறா. மோட்டார சுத்தி ஒரு குழாய் போட்டு அதுல தண்ணி ஓட வுட்டா சரியாயிடும். அங்க சில பேர் படகுல பாத்திருக்கேன். செய்ய முடியுமா?"

அவன் மோட்டாரைக் கையில் வைத்து உருட்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன வூட்லயே கட்டி வெக்கப் பாக்கற."

"ஆமாம்."

"தெரிஞ்சே கேக்கறியே." சிரித்தான். "சரி. நாளைக்கு மரத்தாண்ட நம்ம தெரு முறை இல்ல. மேலத் தெரு முறை. செய்யறேன்."

சாய்ந்த மரத்துக்குக் காவல் இருப்பதற்குக்கூட ஊரில் தெருவாரியாக முறை வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முறை வைப்பது போலத்தான்.

6

பட்டறை பூட்டிக் கிடந்தது. கையில் அகப்பட்டதை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு பழைய டிராக்டரில் எண்ணெய் அழுத்தம் காட்டும் கடிகாரத்துக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாய் அவனிடம் இருந்தது. அப்படியே வளைத்தால் மடிந்துவிடும் என்று உள்ளே சலித்த மணலை நிரப்பி, மோட்டார் அளவுக்கு ஒரு கட்டையில் சுருளாகச் சுற்றினான். பிறகு மணலை ஊதி எடுத்தான். ரப்பர் குழாய்க்குக் கம்பவுண்டரிடம் போய், குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கி வந்தோம். படகின் அடியில் துளை போட்டு, சுற்றித் தார் பூசினோம். அமுதா மணல் சலித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் கிணறு. கிணற்றில் இறங்கும் குழாயின் அடியில் புட்வால் இருக்கும். குப்பை வராமல் இருக்க ஒரு சல்லடை, குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் இருக்க ஒரு மூடி. மோட்டாரைப் போடும் முன் குழாயில் குடத்தால் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பம்பு காற்றைத்தான் இழுக்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவர்கள் நாங்கள். சேகர் விரல் நுனி அளவுக்கு ஒரு புட்வால் செய்தான். உள்ளே மூடிக்குப் பதில் சைக்கிள் பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டு. சல்லடைக்கு அம்மாவின் டீ வடிகட்டியை வெட்டிவிட்டான்.

"டீத்தூள இன்னாத்துலடா வடிகட்டறது? உன் தலப்பாவுலயா?" என்று அம்மா கத்தினாள்.

"கடுங்காப்பி குடி. அதுவும் நல்லதுதான்."

"மரத்த வெட்டனான், இப்போ வடிகட்டிய வெட்டறான். வூட்ல அடுத்தது இன்னாத்த வெட்டுவானோ!"

மறுநாள் காலை அணையில் விட்டோம். சேகர் பயபக்தியோடு குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினான். படகு ஓடியது. பக்கத் துளையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு சொட்டு வரவில்லை. எடுத்துப் பார்த்தால் மோட்டார் முன்னைவிடச் சூடு. செம்புச் சுருள் போர்வை மாதிரி மூடிக்கொண்டு, கொஞ்சநஞ்சம் பட்ட காற்றையும் தடுத்துவிட்டது. மறுபடி நிரப்பினோம், மறுபடி விட்டோம். சல்லடையை விளக்கினோம். குண்டு சிக்கியிருக்கிறதா என்று தட்டினோம். டிப்ளமாக்காரி நானும், பிட்டர் அவனும், சூரியன் உச்சிக்கு வரும் வரை அந்தப் புட்வாலையே நோண்டிக்கொண்டிருந்தோம்.

அமுதாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கிணறே பார்க்காத பிள்ளை. என்னைப் பிடித்து இழுத்து, பாதித் தமிழிலும் பாதி டச்சிலும் கேட்டாள். நான் சேகருக்குச் சொன்னேன்: "குழாய் வெச்சி ஜூஸ் குடிக்கும்போது நான் உறியறேன். இங்க யாரு உறியறாங்கன்னு கேக்கறா."

சேகர் படகைத் தலைகீழாகப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"யாருமே உறியலயேக்கா."

"ஆமாம்."

"பம்பே இல்லாத எடத்துல புட்வால் மாட்டி வெச்சிருக்கோம்."

இரண்டு பேரும் அணைக்கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். அமுதா கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வேலை சுலபமாகிவிட்டது. படகை முன்னால் தள்ளும் விசிறி, தண்ணீரைப் பின்னால் வேகமாகத் தள்ளுகிறது. புட்வாலைக் கழற்றி எறிந்துவிட்டு, செம்புக் குழாயின் வாயைச் சாய்வாக அறுத்து, விசிறிக்குப் பின்னால், விசிறியைப் பார்த்தபடி வளைத்து வைத்தான். விசிறி தள்ளும் தண்ணீர் நேராக அந்த வாய்க்குள் புகுந்துகொள்ளும். நிரப்ப வேண்டியதில்லை, உறிஞ்ச வேண்டியதில்லை. படகைத் தண்ணீரில் விட்டு வேகம் கூட்டினதும் வலது பக்கத்திலிருந்து நூலாகத் தண்ணீர் பீச்சியது. அமுதா குதித்தாள். வெகு நேரம் ஓட்டிவிட்டு எடுத்தோம். மோட்டார்மேல் விரலை வைத்துக்கொண்டே பேச முடிந்தது.

"பாத்தியாக்கா," என்றான். "வாயத் தொறந்து வெச்சா மட்டும் தானா உள்ள வராது. பின்னாலருந்து ஒண்ணு தள்ளணும்."

"படகப் பத்தித்தான பேசற?"

"படகப் பத்தித்தான்."

7

இடையில் இங்குள்ள ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது வேண்டும். வெளிநாட்டினரைப் பதிவு செய்யும் காவல் பிரிவு இந்த நகரத்தில் ஒரு நூலகம் மாதிரி இருக்கும். சீட்டு எடுத்து உட்கார வேண்டும். கவுண்டரில் இருப்பவர் கத்த மாட்டார். "உங்கள் தாளில் ஒன்று குறைகிறது" என்று புன்னகையோடு சொல்லித் திருப்பி அனுப்புவார். நான்கு முறை போய் வந்தபின் நான் ஒரு பழக்கத்துக்கு வந்தேன். பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, கல்யாணச் சான்று, அமுதாவின் பிறப்புச் சான்று எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் கைப்பையிலேயே இருக்கும். காய்கறி வாங்கப் போனாலும் இருக்கும். ஊருக்குப் போனபோது அப்பா கேலி செய்தார்: "ஆத்தங்கரைக்குப் போறதுக்கும் பாஸ்போர்ட்டாம்மா?"

அணைக்கரைக்கும் கொண்டு போயிருந்தேன்.

8

அடுத்த நாளும் சேகர் எங்களோடு அணைக்கு வந்தான். சாயங்காலம் எங்கள் தெரு முறை, அதற்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் படியில் அமுதாவின் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். சேகர் கரைமேல் நின்று ஏரியலை நீட்டி, படகை நடு அணைவரை அனுப்பியிருந்தான். சாலையில் மரம் கிடந்ததால் வண்டிப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"டேய், கைல இன்னாடா?"

"ரிமோட்டு சார்."

"எத ரிமோட் பண்ற? அணையையா?"

அவன் தண்ணீரைக் காட்டினான். அவ்வளவு தூரத்தில் படகு ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. ஊரெங்கும் மறியல், அணைக்கரைமேல் ஏரியலோடு ஓர் இளைஞன். நான் ஓடிப்போய்ச் சொன்னதை அவர்கள் கேட்டார்கள், ஆனால் நம்பவில்லை. படகைக் கரைக்கு வரவைத்து, அதையும் அவனையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நானும் அமுதாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அவனை வீட்டில் வைத்துக்கொள்ள நான் கண்டுபிடித்த வழி எங்களை எங்கே கொண்டு போகிறது என்று ஜீப்பில் போகும்போது நினைத்தேன்.

காவல் நிலைய முற்றத்தில், மரத்தடியில், மறியலில் பிடித்துவந்த ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஊர். சேகரைப் பார்த்ததும் ஒருவர், "வாடா மாப்ள, நீயும் வந்துட்டியா? இங்க எடம் இருக்குது" என்று நகர்ந்து உட்கார்ந்தார். ஏட்டு அதட்டினார்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். நான் உறையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, சுங்க அதிகாரி எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"ஓட்டிக் காட்டுங்க."

முற்றத்து ஓரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. சேகர் படகை அதில் விட்டான். தொட்டிக்குள் அது வட்டமடித்தது, பக்கத்திலிருந்து தண்ணீர் பீச்சியது. குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"டேய் சேகரு, உன் கப்பல் ஒண்ணுக்கு வுடுதுடா!"

முற்றமே சிரித்தது. ஏட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"அது எதுக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னேன். மூடியைத் திறக்கச் சொல்லி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்து, அவரே ஒரு தாளில் எழுதினார். எழுதியதைச் சேகரிடம் நீட்டினார். "தம்பி, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டு அக்காகூடக் கிளம்பு. அக்கா புள்ளைக்கு வெளையாட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்னு எழுதியிருக்கேன்."

சேகர் படித்தான். மறுபடியும் படித்தான்.

"சார், முதல் பாதி சரி. மறியல்லயும் மரம் வெட்டினதுலயும் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லன்னு கீழ ஒரு வரி இருக்குது. அத அடிச்சிடுங்க."

"அதை அடிச்சா நீ வெளில போக முடியாதுப்பா."

"தெரியும் சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "படிச்சவங்களா இருக்கீங்க. நீங்க சொல்லுங்கம்மா."

நான் சொன்னேன். "பாஸ்போர்ட்டு போயிடும்டா. வேலை போயிடும். ஒரு கையெழுத்து. யாரும் இதத் திரும்ப எடுத்துப் பாக்கப் போறதில்ல."

"நான் பாப்பேன் இல்ல."

"வெளில மரத்தடில இருக்கறவங்களுக்காகச் சொல்றியா?"

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போடா, போய்ப் பொழச்சிக்கோன்னுதான் சொல்வாங்க." குரலை உயர்த்தவில்லை. "மரத்த வெட்டனது நானு. ரெண்டு தபா அந்தப் பட்டியல் முன்னாடி நின்னதும் நானு. அது வேற எவனோன்னு எழுதிக் குடுத்துட்டு, உங்க ஊருக்கு வந்து நான் இன்னாக்கா பண்றது?"

இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, மறியல் வழக்குக்கு வேறு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

சேகர் படகை என் கையில் கொடுத்தான். "மொதல்ல பேட்டரிய கழட்டிடு. குழாய்ல நிக்கற தண்ணிய ஊதி எடுத்துட்டு வெய்யி, இல்லன்னா செம்பு பச்ச புடிச்சிடும்." அமுதாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முற்றத்துக்குப் போனான். முன்பு இடம் விட்டவர் மறுபடி நகர்ந்து உட்கார்ந்தார்.

9

மரங்களை அப்புறப்படுத்தியபின் நாங்கள் சென்னைக்குப் போய் விமானம் ஏறினோம். சுங்க அதிகாரி படகைச் சரிபார்த்து, எழுதியதன்மேல் ஒரு கோடு போட்டார். சேகர் சில வாரம் சிறையில் இருந்தான். வழக்கு இருப்பதாகக் குறிப்பு எழுதி, பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். வருடக் கடைசியில் அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார், நல்ல பையன், போர்ச்சுகல்காரன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தனி ஒதுக்கீடு வந்திருக்கிறது. சேகர் அதே டிராக்டர் பட்டறையில் இருந்துகொண்டு மறுபடியும் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்திருக்கிறான். வயது வரம்பு ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். கிடைக்குமா என்று தெரியவில்லை. மாதத்தில் ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து போன் செய்கிறான். என்னிடம் பேசுவதைவிட அமுதாவிடம்தான் அதிகம் பேசுகிறான். அவள் இன்னும் என்னிடம் டச்சு மொழியில்தான் பேசுகிறாள். அவனிடம் மட்டும், தப்பும் தவறுமாக, வடக்கனந்தல் தமிழில் பேசுகிறாள். இருவரும் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவன் செய்தது சரி என்று தெரிவதால் அது குறைந்துவிடவில்லை. அவனுக்காக ஒழித்து வைத்த அறையில் இப்போது துணி காயப்போடுகிறேன்.

போன மாதம் என் கணவரின் முதலாளி வீட்டு விருந்தில் அவருடைய மனைவி கேட்டார்: "உங்கள் தம்பிக்கு ஏன் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை?" என் கணவர் ஏதோ அலுவலகத் தாமதம் என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டில் எல்லாரும் வெளியே அப்படித்தான் சொல்கிறோம், சொல்வதற்குச் சுலபம்.

"அது கிடைப்பதாகத்தான் இருந்தது," என்றேன். "அவன்தான் வரவில்லை."